கல்சோனேக்குத் துணை எது? – ஒரு மாலை கற்றுத் தந்த பாடம்

"உணவு வேளையொன்றைத் திட்டமிடும்போது கவனத்திற் கொள்ள வேண்டிய காரணிகள் யாவை?"

மனைப் பொருளியல் கற்கும் எந்த மாணவியிடம் கேட்டாலும் இதற்கு விடை சொல்லிவிடுவாள். குடும்ப அங்கத்தவர்களின் வயது, உடல்நிலை, வருமானம், நேரம், அந்தந்தக் காலத்தில் கிடைக்கும் பொருட்கள், நிறம், சுவை என்று நானும் வரிசையாக எழுதி முழுப் புள்ளியும் பெற்றிருக்கிறேன். ஆனால் அதே வினாவை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை என்னிடம் கேட்டபோது நான் சித்தியடையவில்லை. அந்தத் தோல்வியையும், அதிலிருந்து நான் கற்றதையும் சகோதர மாணவிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கட்டாரில் தொழில் பார்க்கும் எனது நானா சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே இத்தாலியச் சாப்பாட்டுக் கடையொன்றில் சாப்பிட்ட கல்சோனே என்ற உணவைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். "தங்கச்சி, நீதான் சமையல் படிக்கிறியே, அதைச் செஞ்சு தா பாப்பம்" என்றார். நானும் உற்சாகமாக ஒப்புக்கொண்டேன். கல்சோனே நன்றாகவே வந்தது. பிழைத்தது அதுவன்று, அதன் பக்கத்தில் நான் வைத்தவை.

கல்சோனே என்பது என்ன?

கல்சோனே இத்தாலியின் தென்பகுதியிலுள்ள நேப்பிள்ஸ் நகரத்தில் பிறந்த உணவு. பீட்சாவும் அந்நகரத்தின் உணவே. நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா செய்வோரின் கலையை 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. பீட்சாவுக்கும் கல்சோனேக்கும் மா ஒன்றுதான். பீட்சாவை விரித்து வைத்து அதன் மேலே பொருட்களைப் பரப்புவார்கள். கல்சோனேயில் வட்டமான மாவின் ஒரு பாதியில் உள்ளீட்டை வைத்து, மறுபாதியை அதன் மேல் மடித்து, ஓரங்களை அழுத்தி மூடிவிடுவார்கள். வெந்து வரும்போது அது பிறை வடிவில் உப்பியிருக்கும். அந்தச் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் காற்சட்டையின் கால் என்று பொருள்.

நேப்பிள்ஸில் இதனுள்ளே றிக்கோட்டா, மொசரெல்லா ஆகிய சீஸ் வகைகளையும் பெரும்பாலும் பன்றி இறைச்சியையும் வைப்பார்கள். எமக்கு அந்த உள்ளீடு ஆகாது. நான் மசாலா குறைத்து வேக வைத்த கோழி இறைச்சி, வெங்காயம், கறிமிளகாய், சீஸ் ஆகியவற்றை வைத்தேன். ஒரு கல்சோனேக்கு 125 கிராம் கோதுமை மா என்ற அளவில், ஈஸ்ட் சேர்த்துக் குழைத்து, மா இரண்டு மடங்காகப் பொங்கும் வரை வைத்து, 220 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஓவனில் வேகவிட்டேன். உள்ளீட்டை நன்றாக ஆறவிட்ட பின்னரே வைக்க வேண்டும். சூடாகவும் ஈரமாகவும் வைத்தால் மா நனைந்து அடிப்பக்கம் கிழிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீட்சாவின் மேற்பரப்பு திறந்திருப்பதால், வேகும்போது அதிலுள்ள நீர் ஆவியாகிப் போகிறது. சீஸும் பொன்னிறமாக முறுகுகிறது. கல்சோனேயோ மூடப்பட்டது. ஆவி உள்ளேயே நிற்க, உள்ளீடு மென்மையாகவும் கனமாகவும் இருக்கிறது. மேலே மாவு, கீழே மாவு, நடுவில் கொழுப்பும் உப்பும் நிறைந்த சீஸ். இதை அன்று நான் சிந்தித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திராது.

அந்த மாலை

எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பேர்: வாப்பா, உம்மா, உம்மும்மா, நானா, நான், தம்பி. ஆளுக்கொன்றாக ஆறு கல்சோனே செய்தேன். அருகில் ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்குப் பொரியல், மயோனைஸ் கலந்த கோவாச் சலாது, பெரிய போத்தல் சோடா. படங்களில் பார்த்தது போலவே மேசை அழகாக இருந்தது. நானா படம் எடுத்துத் தன் நண்பர்களுக்கு அனுப்பினார்.

வாப்பாவுக்கு ஆறு வருடங்களாகச் சீனி வருத்தம். மகள் ஆசையாகச் செய்ததை மீதம் வைக்கக் கூடாது என்று முழுவதையும் சாப்பிட்டார், பொரியலும் எடுத்தார், சோடாவும் குடித்தார். உம்மும்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, பல்லும் குறைவு. ஓரத்து ரொட்டியை மெல்ல முடியாமல் நடுவில் இரண்டு வாய் எடுத்தவர், "நல்லாருக்கு மகள்" என்று சொல்லிவிட்டுத் தட்டை மெதுவாக நகர்த்தி வைத்தார். பிறகு குசினிக்குள் போய்ப் பகலில் மிஞ்சியிருந்த சோற்றில் கொஞ்சம் சாப்பிட்டார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். நான் பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலை வாப்பா வழமை போல விரலில் குத்திச் சீனி பார்த்தார். வழமையை விட நன்றாகக் கூடியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. உம்மாதான் என்னைப் பார்த்து, "படிச்ச புள்ள செஞ்ச சாப்பாடு" என்றார். அந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாயிருந்தது.

நான் போட்ட கணக்கு

அன்று எனது குறிப்புப் புத்தகத்தை எடுத்து, ஒருவர் தட்டில் விழுந்ததைக் கணக்கிட்டேன். 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் காபோவைதரேற்று உண்டு. ஆகவே 125 கிராம் மா சேர்ந்த ஒரு கல்சோனேயில் மட்டும் 90 கிராமுக்கு மேல் வருகிறது. ஒருவருக்கு 150 கிராம் உருளைக்கிழங்கு என்று எடுத்தால் அதிலே ஏறக்குறைய 25 கிராம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி கொண்ட சோடாவை 250 மில்லிலீற்றர் குடித்தால் மேலும் 25 கிராம். அதாவது, துணை உணவு என்ற பெயரில் நான் பிரதான உணவின் அரைப் பங்கை மீண்டும் ஒரு முறை தட்டில் வைத்திருக்கிறேன்.

கோவா மரக்கறிதானே என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அதில் கலந்த மயோனைஸின் பெரும்பகுதி எண்ணெய். சீஸிலும் இறைச்சியிலும் இருந்த கொழுப்புக்கு மேலே, பொரியலில் எண்ணெய், சலாதிலும் எண்ணெய். சீஸில் உப்பு, உள்ளீட்டில் உப்பு, பொரியலுக்கு மேலே தூவியதும் உப்பு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஒரு தேக்கரண்டியளவுதான். உம்மும்மா ஏன் தட்டை நகர்த்தினார் என்பது எனக்கு விளங்கியது.

நிறத்தைப் பார்த்தாலும் அதே கதைதான். கல்சோனே பொன்னிறம், பொரியல் பொன்னிறம், கோவா வெள்ளை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. புளிப்பு என்ற சுவை அந்த மேசையில் எங்குமே இல்லை.

உம்மும்மாவின் கேள்வி

அன்று பின்னேரம் உம்மும்மாவின் பக்கத்தில் போய் அமர்ந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"மகள், புரியாணிக்குப் பக்கத்துல நாம என்ன வெப்பம்?"

"மின்ச்சிச் சம்பல், அச்சாறு, அன்னாசி."

"பாணும் கெழங்குப் பொரியலும் வெப்பமா?"

"இல்ல உம்மும்மா."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் வெச்சிய?"

நான் பாடப்புத்தகத்தில் தேடிய விடை அந்தக் கேள்வியில் இருந்தது. நெய்யும் இறைச்சியும் கனத்த புரியாணிக்கு எமது மூத்தோர் குளிர்ச்சியும் காரமுமான மின்ச்சிச் சம்பலையும், வினாகிரியில் ஊறிய அச்சாறையும், சாறுள்ள அன்னாசியையும் துணையாக வைத்தார்கள். புரியாணியில் இருப்பதை அவர்கள் இரண்டாம் முறை வைக்கவில்லை. புரியாணியில் இல்லாததையே வைத்தார்கள். துணை உணவு என்பது தட்டின் வெற்றிடத்தை நிரப்புவதற்கன்று. பிரதான உணவின் குறையை நிரப்புவதற்கு.

இத்தாலியர் மேசையிலும் இதே அறிவு

பின்னர் இத்தாலியர் என்ன செய்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். அவர்கள் துணை உணவைக் கொன்டோர்னோ என்று அழைக்கிறார்கள். அது பெரும்பாலும் மரக்கறியாகவே இருக்கும். பிரதான உணவோடு கலந்துவிடாமல் தனிச் சிறு தட்டில் வரும். மூன்று உதாரணங்கள் என் மனதில் பதிந்தன.

முதலாவது, நேப்பிள்ஸ் மக்கள் விரும்பிச் சாப்பிடும் ஃபிரியாரியெல்லி என்ற கசப்புக் கீரை. வெள்ளைப்பூண்டும் மிளகாயும் சேர்த்து எண்ணெயில் வதக்குவார்கள். கொழுப்பான உணவுக்குப் பக்கத்தில் அந்தக் கசப்பு வாயைச் சுத்தமாக்குகிறது.

இரண்டாவது, நேப்பிள்ஸ் குடாவிலுள்ள காப்ரித் தீவின் பெயரைக் கொண்ட காப்ரேஸே என்ற சலாது. தக்காளி, மொசரெல்லா சீஸ், பசில் இலை ஆகியவற்றால் ஆனது. அழகான சலாதுதான். ஆனால் சீஸ் நிறைந்த கல்சோனேக்கு அருகில் மீண்டும் சீஸ் வைப்பது எனது பழைய பிழையையே திரும்பச் செய்வதாகும். ஆகவே அதிலிருந்து தக்காளியையும் இலையையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் எனத் தீர்மானித்தேன்.

மூன்றாவது, சிசிலித் தீவின் கப்போனாட்டா. கத்தரிக்காய், தக்காளி, வெங்காயம், செலறி, வினாகிரி, சிறிதளவு சீனி ஆகியவை சேர்ந்த புளிப்பும் இனிப்புமான கூட்டு. இதைப் பற்றி வாசித்தபோது எனக்கு உடனே எமது கத்தரிக்காய் மோஜுதான் ஞாபகத்திற்கு வந்தது. கத்தரிக்காயை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் அரபு முஸ்லிம்கள். 827ஆம் ஆண்டு முஸ்லிம்கள் சிசிலியில் காலடி வைத்தார்கள்; இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அங்கே முஸ்லிம்களின் ஆட்சி நிலவியது. தேசிக்காய், தோடை இனங்களும் அக்காலத்தில் அவர்கள் வழியாகவே அத்தீவில் பரவின. கத்தரிக்காயைக் குறிக்கும் மெலன்சானா என்ற இத்தாலியச் சொல்லின் வேரும் பாதின்ஜான் என்ற அரபுச் சொல்லே. தூரத்து நாட்டு உணவு என்று நான் நினைத்ததன் பக்கத்திலேயே எமக்கு நெருங்கிய ஒன்று இருந்திருக்கிறது.

தெரிவு செய்ய நான்கு கேள்விகள்

இவற்றையெல்லாம் சேர்த்து எனக்கென நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டேன். கல்சோனேக்கு மட்டுமல்லாமல், கனமான எந்த உணவுக்கும் இவை பொருந்தும்.

1. பிரதான உணவில் ஏற்கனவே இருப்பது எது? கல்சோனேயில் மாவு, சீஸ், எண்ணெய், உப்பு ஆகியவை இருக்கின்றன. ஆகவே பாண், பாஸ்டா, உருளைக்கிழங்கு, மயோனைஸ், சீஸ் சோஸ் ஆகியவை துணைக்கு வேண்டாம்.

2. அதில் இல்லாதது எது? புளிப்பு, பச்சை, நீர்த்தன்மை, மொறுமொறுப்பு, நார்ப்பொருள், விற்றமின் சீ. இவற்றில் குறைந்தது மூன்றையாவது துணை உணவு கொண்டுவர வேண்டும்.

3. மேசையில் யார் இருக்கிறார்கள்? சீனி வருத்தம் உள்ளவர், பிரஷர் உள்ளவர், பல் இல்லாதவர், காரம் சாப்பிடாத பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் எடுக்கக்கூடியதாக ஏதாவது ஒன்று இருக்கிறதா?

4. அடுப்பும் நேரமும் பணமும் இடம் கொடுக்குமா? ஓவனில் கல்சோனே இருக்கும் 20 நிமிடங்களுக்குள் கையால் செய்து முடிக்கக்கூடியதா?

நான் தெரிவு செய்தவை

இந்த நான்கு கேள்விகளுக்கும் ஈடுகொடுத்த துணை உணவுகளை ஆறு பேருக்குரிய அளவுகளுடன் தருகிறேன்.

தக்காளி, கெக்கரிக்காய்ச் சலாது: நடுத்தரத் தக்காளி 4, கெக்கரிக்காய் 2, சிறிய வெங்காயம் 1, ஒரு பிடி மின்ச்சி இலை, தேசிக்காய் 1, ஒலிவ் எண்ணெய் 2 தேக்கரண்டி. ஒலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் எண்ணெயே தேவையில்லை. மரக்கறிகளை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி வெட்ட வேண்டும். உப்பை முன்கூட்டியே போடக் கூடாது. போட்டால் பிரசாரணம் காரணமாகக் கலங்களிலுள்ள நீர் வெளியேறிக் கெக்கரிக்காய் துவண்டு, சலாது தண்ணீராகிவிடும். உயிரியலில் படிப்பது குசினியில் கண்முன்னே நடக்கும். மேசைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் தேசிப்புளியையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்தால் போதும். புளிப்பு இருக்குமிடத்தில் நாக்கு உப்பை அதிகம் தேடுவதில்லை என்பதையும் கண்டேன்.

வெள்ளைப்பூண்டுக் கங்குன்: ஃபிரியாரியெல்லி எமக்குக் கிடைக்காது, கங்குன் ஒவ்வொரு சந்தையிலும் கிடைக்கும். இரண்டு கட்டுக் கங்குனைக் கழுவி வெட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 6 பல் வெள்ளைப்பூண்டையும் வெட்டிய செத்தல் மிளகாய் ஒன்றையும் வாசனை வரும் வரை வதக்கி, கீரையைப் போட்டுப் பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டும் பிரட்டி இறக்க வேண்டும். தேசிப்புளியை இறக்கிய பின்னரே விட வேண்டும். விற்றமின் சீ வெப்பத்தில் அழியக்கூடியது. கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதற்கு அந்த விற்றமின் உதவுகிறது. எமது வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியமானது.

ஓவனில் சுட்ட கத்தரிக்காய்க் கூட்டு: கப்போனாட்டாவுக்கும் மோஜுவுக்கும் நடுவில் நான் கண்டுபிடித்த வழி இது. கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது. பொரித்தால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அரைக் கிலோ கத்தரிக்காயைத் துண்டுகளாக வெட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டி, கல்சோனேயை வைப்பதற்கு முன்னரே ஓவனில் 25 நிமிடங்கள் சுட்டுக்கொள்வேன். ஓவன் எப்படியும் சூடாக வேண்டியதுதான். அந்த மின்சாரம் வீணாவதில்லை. பிறகு வதக்கிய வெங்காயம், இரண்டு தக்காளி, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்துக் கிளறி ஆறவிட வேண்டும். தக்காளியின் இனிப்பே போதும், சீனி சேர்க்கவில்லை. ஆறிய பிறகுதான் இதன் சுவை கூடுகிறது. ஆகவே காலையிலேயே செய்து வைக்கலாம்.

தக்காளி மரக்கறி சூப்: இது உம்மும்மாவுக்காக. தக்காளி, கரட், வெங்காயம், வெள்ளைப்பூண்டு ஆகியவற்றை அவித்து அரைத்து, மிளகு சேர்த்துத் தண்ணீராகக் கொதிக்க வைத்தேன். மா, பட்டர் எதுவும் சேர்க்கவில்லை. அமெரிக்காவில் கல்சோனேயைத் தக்காளிச் சோஸில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். உம்மும்மா சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டால் ஓரத்து ரொட்டியும் மென்மையாகிவிடும் அல்லவா?

ஒரே நாளில் இவை நான்கையும் செய்ய வேண்டியதில்லை. பச்சையாக ஒன்று, வேக வைத்தது ஒன்று என இரண்டு போதும். வயோதிபரோ சிறு பிள்ளைகளோ இருந்தால் சூப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். மரக்கறிகளையும் பழங்களையும் நாளொன்றுக்கு 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு துணை உணவுகளையும் ஒரு துண்டுப் பழத்தையும் சேர்த்தால் அதில் பெரும்பங்கு ஒரே வேளையில் கிடைத்துவிடும்.

குடிப்பதற்கு என்ன?

சோடாவுக்குப் பதிலாகத் தேசித் துண்டுகளும் மின்ச்சியும் போட்ட குளிர்ந்த நீரை வைத்தேன். எமது நாட்டில் விற்கப்படும் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீடு இருக்கிறது. அந்தச் சிறிய வட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்கும் பழக்கம் எமக்கு வேண்டும்.

சாப்பிட்டவுடன் பிளேன்டீ குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். தேயிலையிலுள்ள தனின் என்ற பொருள் உணவிலிருந்து இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. ஆகவே கீரை சாப்பிட்ட வேளையில் பிளேன்டீயை ஒரு மணித்தியாலமாவது தள்ளி வைப்பது நல்லது.

சுட்டுத்துண்டையும் வாசிப்போம்

ஹலால் விடயத்தில் நாம் பிரதான உணவை மட்டும் பார்த்துவிட்டுத் துணை உணவை மறந்துவிடுகிறோம். சீஸ் தயாரிக்கப் பாலைத் திரளச் செய்யும் றெனெட் என்ற நொதியம் சில வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து பெறப்படுகிறது. சில ஆயத்த சோஸ்களில் வைன் சேர்க்கப்படுவதுண்டு. சாப்பாட்டுக்குப் பின் வைக்கும் ஜெலியில் ஜெலற்றின் இருக்கும். சுட்டுத்துண்டை வாசித்து, ஹலால் இலச்சினையைப் பார்த்து வாங்குவதும் உணவு வேளைத் திட்டமிடலின் ஒரு பகுதியே. சலாதுக்கு வீட்டுத் தேசிக்காயும் மின்ச்சியும் போதுமென்றால் அந்தக் கவலையும் இல்லை, செலவும் இல்லை.

இரண்டாம் முறை

நானா திரும்பிப் போவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் மீண்டும் கல்சோனே செய்தேன். இம்முறை ஆறு அல்ல, நான்கு. ஒவ்வொன்றையும் நடுவால் வெட்டி எட்டுப் பாதிகளாக்கினேன். வெட்டும்போது உள்ளே அடைபட்டிருந்த ஆவி வெளியேறிவிடுவதால் யாருடைய வாயும் சுடவில்லை. நானாவுக்கும் தம்பிக்கும் இரண்டிரண்டு பாதிகள். மற்ற நால்வருக்கும் ஒவ்வொன்று. மேசையின் நடுவில் சிவப்பும் பச்சையுமாகச் சலாது, ஒரு பக்கம் கங்குன், மறுபக்கம் கத்தரிக்காய்க் கூட்டு, உம்மும்மாவின் கையருகே சூப்புக் கோப்பை.

முதலில் சலாதும் கீரையும் எடுக்கச் சொன்னேன். வாப்பா ஒரு பாதியோடு நிறுத்திக்கொண்டு, கத்தரிக்காய்க் கூட்டை இரண்டாம் முறை எடுத்தார். தம்பி உருளைக்கிழங்குப் பொரியல் எங்கே என்று கேட்டான். உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா, அவன் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. ஆனால் தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. உம்மும்மா ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துத் தோய்த்து மெதுவாகச் சாப்பிட்டார். எல்லோரும் எழுந்த பிறகும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் குசினிக்குப் போகவில்லை.

மறுநாள் காலை வாப்பா சீனி பார்த்துவிட்டு, கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வழமையான அளவிலேயே இருந்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று பகல் சோற்றுக்குக் கத்தரிக்காயை என் முறையில் சுட்டார்.

அன்பான சகோதரிகளே, புதிய உணவுகளைச் செய்து பார்ப்பதில் எமக்கு ஆசை அதிகம். செய்து பாருங்கள். ஆனால் படத்தில் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், உங்கள் வீட்டு மேசையின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை ஆசையாகச் செய்ததைச் சாப்பிட முடியாதபோது அன்பினால் மௌனமாக இருந்துவிடாதீர்கள். உம்மும்மா அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் நான் இன்னும் முழுப் புள்ளி பெற்ற விடைத்தாளை மட்டுமே வைத்துக்கொண்டிருப்பேன்.